தண்ணி பட்ட வண்டி

பெரியவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே காகா வண்டியின் பானட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சில்லென்றுதான் இருந்தது. அதற்குப் பிறகே திரும்பி 'நமஸ்கார்' என்றார்.

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. புணேயில் சிங்ஹகட் சாலையை விட்டு ஆற்றுப் பக்கமாக இறங்கும் தெரு ஒன்றில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங். 2017-ல் எம்.எச்.-12 பதிவு வாங்கிய சிறிய கார். ஒரே ஓனர், ஓய்வுபெற்ற மனிதர், ஓட்டம் நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர். கேட்கிற காதுக்கு இதைவிட என்ன வேண்டும்? "வண்டி முழிக்கிறதுக்கு முன்னாடி போயிடணும் அண்ணா" என்று காகா முந்தின நாளே சொல்லியிருந்தார். நாம் போவதற்குள் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்துவிட்டால் காலையில் அது இருமுவது நமக்குக் கேட்காது.

காகாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, நான் அவர் மகன் வயது. இருந்தாலும் நான் அண்ணா. மராட்டியத்தில் தமிழன் எந்த வயதிலும் அண்ணாதான். அது மரியாதையா கேலியா என்று பதினான்கு வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை. நானா பேட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் பட்டறை. பழைய வண்டி வாங்கப்போகிறவர்களுக்குக் கூடவே வந்து பார்த்துச் சொல்ல ஆயிரம் ரூபாய், வண்டியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும். புது வண்டிகளுக்குப் பரீட்சை வைக்கிற ஊர் இது. 1966-ல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. ஆராய்ச்சி நிலையம் கோத்ரூட்டில் குன்றின்மேல் இருக்கிறது. இண்டிகா கார் பிறந்த தொழிற்சாலை பிம்ப்ரியில். பழசான பிறகு வண்டிகள் காகா மாதிரி ஆட்களிடம்தான் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது.

பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரில் இருந்தது, ஜூனா பஜாரில் வாங்கினாராம். (புதனும் ஞாயிறும் கூடுகிற பழைய சாமான் சந்தை அது. கடிகாரம், கதவுக் கைப்பிடி, யாரோ ஒருவருடைய பட்டமளிப்புப் படம் வரைக்கும் நான் அங்கே பார்த்திருக்கிறேன்.) பெயின்டில் கீறல் விழாமலிருக்க அதற்குப் பனியன் துணியில் உறை. கதவு, மட்கார்டு, கூரை என்று வைத்து வைத்து எடுத்தார். தகடு என்றால் காந்தம் வெடுக்கென்று ஒட்டும். அடிபட்ட இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்திருந்தால் பிடி தளரும். இதற்குக் கருவி வந்து ரொம்ப நாளாகிறது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது மைக்ரான் கனம். முன்னூறுக்கு மேல் காட்டினால் மறுபடி அடித்தது. அந்தக் கருவி ஒன்று உங்களிடம் இருக்குமே என்றேன். "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றார்.

கண்ணாடிகளின் மூலையில் பொடி எழுத்தில் தயாரித்த வருஷக் குறி இருக்கிறது. எல்லாம் ஒரே வயதா என்று பார்த்தார். ஒன்று மட்டும் இளையதாக இருந்தால் அந்தப் பக்கம் எப்போதோ ஏதோ நடந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு எண். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரம். பானட் கீலிலிருக்கும் போல்ட்டுகளின் தலையில் டார்ச் அடித்தார். ஸ்பானர் ஒருமுறை பட்டால் போதும், மூலையில் பெயின்ட் உடைந்துவிடும். பிறகு ஸ்டார்ட். எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக அதே வாயில் வைத்தார். மூடி எகிறி ஆடவில்லை. பேக் கம்ப்ரஷன் இல்லை. மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் மாதிரிப் படிவும் இல்லை, எஞ்சினுக்குள் தண்ணீர் ஆயிலோடு கலக்கவில்லை என்று அர்த்தம். நீலப் புகை இல்லை, வெள்ளைப் புகை இல்லை. பெரியவர் எங்களைவிட உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார், மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்கிற தகப்பன் மாதிரி.

அடுத்து செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, வாசலுக்கு வெளியே சிமென்ட் தரையில் அகலமாக ஊற்றினார். என்னைத் திருப்பாமல் நேராக ஓட்டிப்போகச் சொல்லிவிட்டு, பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஈரத் தடத்தைப் பார்த்தார். முன்சக்கரத் தடத்தின் மேலேயே பின்சக்கரம் வரவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு விலகினால் குற்றமில்லை. ஒரு பக்கம் மட்டும் விலகினால் வண்டி எங்கோ பலமாக அடிவாங்கிச் சட்டம் கோணியிருக்கிறது. நேராகப் போவதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அது நண்டு மாதிரிப் போய்க்கொண்டிருக்கும்.

இதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். மணப்பாறைச் சந்தையில், அப்பா மாடு வாங்கும்போது. எல்லாரும் மாட்டைத் தங்கள் பக்கம் ஓட்டிவரச் சொல்வார்கள். அப்பா, "அந்தண்டை ஓட்டிட்டுப் போங்க" என்பார். மாடு போன பிறகு மாட்டைப் பார்க்காமல் புழுதியைப் பார்ப்பார். முன்னங்கால் குளம்பு பதிந்த இடத்தில் பின்னங்கால் குளம்பு வந்து விழுகிறதா? எட்டு முன்பல்லும் கீழ்த்தாடையில்தான். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று சோடி சோடியாக முளைப்பதை வைத்து வயது. எட்டும் முளைத்தாகிவிட்டால் அப்புறம் வயது வியாபாரி சொல்வதுதான். வியாபாரிகளும் சும்மா இருப்பதில்லை. கொம்பைச் சீவி எண்ணெய் பூசுவார்கள், பல்லை அரத்தால் ராவுவார்கள், உப்பைத் தவிட்டில் கூடப் போட்டுத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றை நிரப்பிக் கூட்டிவருவார்கள். அதற்காகவே அப்பா சாயங்காலம்வரை சந்தையில் சுற்றுவார். மதியத்துக்குமேல் மாடு மூத்திரம் போய்விடும், விலா எலும்பு வெளியே வந்துவிடும். கடைசியாகத் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு விரலைப் பிடித்துப் பேரம். என்ன விலைக்குப் படிந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குக்கூடத் தெரியாது.

ஈரத்தடம் சுத்தமாக இருந்தது. மனசுக்குள் நான் வண்டியை வாங்கியாகிவிட்டது.

காகா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகி, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்தார். அணைந்திருப்பது மட்டும் போதாது, முதலில் எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கம்பியைப் பிடுங்கி விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள். எரிந்தது, அணைந்தது. பிறகு சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நாம் மாட்டிக்கொள்ள இழுக்கிற அளவுக்கு இல்லை. அதற்கு மேலும் இழுத்து, உருளையில் சுற்றிக்கிடக்கிற கடைசி அடி வெளியே வரும்வரை. பழைய வண்டியைக் கழுவுகிறவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், மிதியடியைக் கழுவுவார்கள், டேஷ்போர்டை மெழுகுபோட்டுப் பளபளக்க வைப்பார்கள். பெல்ட்டின் கடைசி அடியை யாரும் இழுத்துக் கழுவுவதில்லை. முன்சீட் பெல்ட்டின் உருளை கதவுத் தூணின் அடியில் இருக்கிறது. வண்டிக்குள் முட்டியளவு வெள்ளம் வந்தால் அது முழுகும். வெள்ளம் வடிந்த பிறகும் சேறு அந்தச் சுற்றுகளுக்குள் காய்ந்து, ஒரு மஞ்சள் கோடாக உட்கார்ந்திருக்கும்.

கோடு இல்லை. பெல்ட் சுத்தமாக இருந்தது. காகா அதை மோந்து பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து உருட்டிப் பார்த்தார். அப்புறம் அடியில் தைத்திருந்த சின்னத் துணிச்சீட்டைத் திருப்பி என்னைப் படிக்கச் சொன்னார். தயாரித்த மாதம் 2024 ஆகஸ்ட். பின்சீட் பெல்ட்டுகளை இழுத்தோம். 2017.

அழுக்கைத் தேடிப்போன மனிதர் சுத்தத்தைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஏதாவது மோதல் நடந்தாலும் பெல்ட் மாத்துவாங்க அண்ணா" என்றார் தாழ்ந்த குரலில். இறங்கி, சீட்டுக்கடியில் தலையைக் கொடுத்து டார்ச் அடித்தார். சீட் நகரும் தண்டவாளத்தின் உள் ஸ்பிரிங், வெளியில் தெரியாத பக்கம், பொரிபொரியாகத் துருப்பிடித்திருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மிக மரியாதையாகக் கேட்டார்: "பாணி ஆல ஹோத கா, சாஹேப்?" தண்ணீர் வந்ததா?

"இல்லையே" என்றார் பெரியவர்.

அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பியனுப்பிய பிறகு வெளியான கட்டுரை. 2001-ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு வாங்கிக் கொடுத்தது. வண்டியின் குணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எந்த வண்டிக்கும் சராசரி விலைக்குமேல் கொடுக்கத் துணியமாட்டான். நல்ல வண்டிக்காரன் அந்த விலைக்கு மனம் வராமல் விலகிக்கொள்வான். சந்தையில் சொத்தை மிஞ்சும். சொத்தை வண்டிக்கு அங்கே கொச்சை வழக்கில் எலுமிச்சம்பழம் என்று பெயர். நாம் புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவதும் அதைத்தான், புணேக்காரர்கள் பச்சைமிளகாயோடு கோத்து முன்னால் தொங்கவிடுவதும் அதைத்தான்.

கணக்கு சரி. ஆனால் 'விற்பவனுக்குத் தெரியும்' என்ற முதல் வரியிலேயே எனக்குச் சந்தேகம். பெரியவர் பொய் சொன்னார் என்று அன்றைக்கும் நான் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. தண்ணீர் வந்தது, பட்டறைக்குப் போனது, பணம் கட்டியாயிற்று, வண்டி ஓடுகிறது. அவர் மனசில் அது நடந்து முடிந்து, இல்லாமலே போய்விட்ட விஷயம். அவரிடமிருந்து வாங்குகிறவன் இன்னொருவனுக்கு விற்கும்போது அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. 2015 டிசம்பரில் சென்னையில் முழுகிய வண்டிகள் எத்தனை ஊர்களுக்குப் போயிருக்கும்? சரிசெய்கிற செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் முழு இழப்பு என்று எழுதி உரியவருக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் அதை அடுப்பெரிக்கவா எடுத்திருப்பார்? கழற்றிக் காயவைத்து, வயரிங் மாற்றி, வாசனை அடித்து, வேறு ஊரில் நிறுத்தினால் அது பழையபடி ஒரு வண்டி. வயரிங்கின் இணைப்புகளில் பச்சையாகக் களிம்பு ஏறுவதற்கு ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும். அதற்குள் கை மாறிவிடும்.

புணேகூட அப்படித்தான் மறக்கிறது. 1961 ஜூலை 12 அன்று, கட்டி முடியாத பான்ஷேத் அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்து, பழைய பேட்டுகள் முழுகின. அந்தத் தலைமுறை இன்னும் 'பூர்' (வெள்ளம்) என்ற சொல்லை வேறு குரலில்தான் சொல்கிறது. 2019 செப்டம்பர் 25 இரவு, ஆறுகூட இல்லை, ஆம்பில் ஓடை என்ற ஒரு ஓடை, காத்ரஜ் பக்கத்திலிருந்து இறங்கிவந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மறுநாள் காலை கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. 2024 ஜூலை 25 அன்று கடக்வாஸ்லாவில் திறந்துவிட்ட தண்ணீர் சிங்ஹகட் சாலைக் குடியிருப்புகளுக்குள் விடிவதற்கு முன் வந்தது. நீர்ப்பாசனத் துறை வரைபடத்தில் இரண்டு கோடுகள் உண்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்கு நீலக்கோடு, நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடியதற்குச் சிவப்புக்கோடு. இந்தக் கோடுகளை எங்கே போடுவது என்று வழக்கெல்லாம் நடந்திருக்கிறது. ஆயுள் சம்பாத்தியத்தைக் கொட்டி வீடு வாங்குகிறவர்களில் அந்த வரைபடத்தைக் கேட்டுப் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நானும் கேட்கவில்லை. சமையலறை டைல்ஸைத் தட்டிப் பார்த்தேன்.

பானட்டைத் தொட்டுப் பார்க்கிற வித்தை எனக்குக் காகா சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் என் ஸ்கூட்டரை விற்றேன். காலையில் நாலைந்து உதை இல்லாமல் அது ஸ்டார்ட் ஆகாது. வாங்குகிற பையன் எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னான். ஏழே முக்காலுக்குக் கீழே போய்ச் சூடாக்கி வைத்தேன். அவன் வந்தான், ஒரே உதையில் எழுந்தது. 'ஒரே உதை' என்று நானே சந்தோஷப்பட்டுச் சொன்னேன் வேறு. அதைப் பொய் என்று அப்போது எண்ணவே இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வருமுன் கூடத்தைப் பெருக்குவது மாதிரி ஒரு காரியமாகத்தான் பட்டது. அந்தப் பையன் பெயர் மாற்றவில்லை. சட்டப்படி உள்ளூரிலேயே விற்றால் விற்றவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். நான் 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து என் போனுக்கு அபராதச் சலான்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் ஹெல்மெட் இல்லாமல். ஒன்றில் மூன்று பேர். இவ்வளவோடு போயிற்று. விபத்து என்றிருந்தால் பதிவில் யார் பெயரோ அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமே 2018-ல் சொல்லியிருக்கிறது. சூடாக்கி விற்றதற்கு வட்டி என்று கட்டினேன்.

பழைய ரோமில் அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்கள் நோய், குறை எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லியே விற்க வேண்டும் என்று சந்தை அதிகாரிகள் ஆணை போட்டிருந்தார்கள். சொல்லாவிட்டால் மாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். மனிதனையும் மாட்டையும் ஒரே ஆணையில் வைத்தவர்களிடம் நியாயம் கற்றுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சந்தையைத் தெரிந்தவர்கள் போட்ட ஆணை அது. நம்முடைய 1930-ம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இங்கிலாந்து வழியில் தொடங்குகிறது: சில விலக்குகள் போக, பார்த்து வாங்குவது வாங்குகிறவன் பாடு. அதனால்தான் காகாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை இருக்கிறது.

அன்றைக்கு, 'இல்லையே' என்று பெரியவர் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர் வீட்டு ஆஜி (பாட்டி) டீ கொண்டுவந்தார்கள். பேச்சு நின்றிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். காகா மறுபடி கேட்டதும், "வந்தது, ஆனா எங்க வண்டிக்கு ரொம்ப வரல்லை. இவ்வளவுதான்" என்று பக்கத்துத் தூணில் கையை வைத்துக் காட்டினார்கள், என் முட்டிக்கு நாலு விரல்கடை மேலே. தூணுக்கு இடுப்பளவுக்குப் புதுசாகப் பழுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். மீட்டர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே பிரஷ் போகாத சந்தில் மட்டும் பழைய வெள்ளை மிச்சமிருந்தது. அதில் ஆஜி காட்டிய அதே உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு.

பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "எல்லாம் சரிபண்ணியாச்சு. பில் இருக்கு" என்றார். பில் எடுத்துவர உள்ளே போகவும் திரும்பினார். காகா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பட்ட வண்டி என்று சொல்லியே விற்கலாம், அதற்கும் ஒரு விலை இருக்கிறது, அந்த விலைக்கு ஆளை நானே அனுப்புகிறேன் என்று மராட்டியில் பொறுமையாகச் சொன்னார். வீட்டில் ஒருவருக்கு வந்திருக்கும் நோயை எடுத்துச் சொல்கிற தொனி. பெரியவர் தலையாட்டினார். பிறகு, "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார்.

காகா முன்கதவைத் திறந்து பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, துணிச்சீட்டைத் திருப்பிக் காட்டினார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். பெல்ட்டை விட்டார். அது விர்ரென்று உள்ளே ஓடியது.

டீயைக் குடித்துவிட்டு, ஆயிரம் ரூபாயைக் காகாவிடம் கொடுத்துவிட்டு, அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது பெரியவர் வண்டிக்குள் பின்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துப் பெல்ட்டுகளையும் மாற்றி மாற்றிக் கடைசிவரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.